முதலில் நீங்கள் சாப்பிடுங்கள்

ஒருவர் சாப்பிடும்போது அவர் வாயையே பார்க்கக் கூடாது என்பது ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான கொட்டச்சேட்டில் நாய்களைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கண் பட்டுவிடும். வயிறு வலிக்கும். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடவேண்டி வரும். கடல் தாண்டி வந்த அந்த அம்மாவுக்கு இது தெரியாது. என் வாழ்நாளில் என்னை அவ்வளவு நேரம் கண்கொட்டாமல் பார்த்த பெண் அவர் ஒருவர்தான். என் மனைவிகூடக் கல்யாண மேடையில் அரை நொடி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் தரையே தேவலை என்று குனிந்துகொண்டாள்.

அவர் பார்த்தது என் அழகை இல்லை. எந்தத் தின்பண்டத்தைக் கொடுத்தாலும் தட்டை என் பக்கம் தள்ளுவார். "முதலில் நீங்கள் சாப்பிடுங்கள்" என்பார். நான் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டதும் இரண்டு கைகளையும் மோவாய்க்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்துவிடுவார். நான் கடிப்பது, மெல்லுவது, அது தொண்டைக்குள் இறங்குவது, கடைசியில் நான் நாக்கால் பல்லைத் துழாவுவது வரை எல்லாவற்றையும் பார்ப்பார். பிறகு கேட்பார்: "எப்படி இருக்கிறது?"

"நல்லா இருக்குங்க."

உடனே கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை உருவுவார். அந்தப் பென்சில்தான் அவர் தலைமுடிக்கு ஊசி, கிளிப், ரிப்பன் எல்லாம். அதை உருவியதும் நரைமுடி மொத்தமும் தோளில் சரியும். சரிந்த முடியோடு ஒரு சின்ன நோட்டில் இரண்டு வரி எழுதுவார். முடியைச் சுருட்டிப் பென்சிலைத் திரும்பச் செருகிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் அவர் சாப்பிடுவார், அதுவும் வங்கியில் பழைய நோட்டை வாங்கும் ஆள் மாதிரி, எந்த முகபாவமும் இல்லாமல்.

அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷில். இங்கே எழுதியிருப்பது என் தமிழ். என் இங்கிலீஷ் என் ஜீப் மாதிரி. முன்னால் போகும், திருப்பத்தில் திணறும், ரிவர்ஸ் விழாது.

நாலு வருஷம் ஆகிறது. அறுபது வயது தாண்டியவர், எஸ்டேட்டில் மிளகுக் கொடி ஏற்றும் சில்வர் ஓக் மாதிரி உயரம். எங்கள் வீட்டில் நிலைப்படியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் தலையில் இடித்துக்கொண்டு, நிலைப்படியிடம் மன்னிப்புக் கேட்பார். பஸ் போனால் கையாட்டுவார். ஆடு குறுக்கே வந்தால் அதற்கு வணக்கம் சொல்வார். இப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்து நான் ஏன் இரண்டு நாள் நடுங்கிக்கொண்டிருந்தேன் என்று கேட்டால், அதற்குக் காரணம் ரைட்டர்.

ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. எஸ்டேட்டில் வேலைக்கு வந்த ஆட்களின் பேரை எழுதுகிறவர். ஆனால் வாயைத் திறந்தால் கதைதான் வரும். எங்கள் வீட்டுக்கு மேலே இரண்டாவது வளைவில் இருக்கிறார். அந்த வருஷம் நாங்கள் வீட்டை ஒட்டி இரண்டு அறைகள் கட்டி, வெளியூர்க்காரர்கள் தங்கிப் போக விடலாம் என்று அனுமதிக்கு எழுதிப் போட்டிருந்தோம். யோசனை, உழைப்பு, பிடிவாதம் மூன்றும் என் மனைவியுடையது. நான் போட்டது கையெழுத்து. அவள் பதினாறு வருஷம் ஒரு எஸ்டேட் பங்களாவில் யார் யாருக்கோ சமைத்துப் போட்டவள். தன் சமையலுக்குத் தன் வீட்டு வாசலிலேயே ஒரு போர்டு மாட்டவேண்டும் என்பது அவள் ஆசை. போர்டை எழுதிக்கூட வாங்கிவிட்டாள். அனுமதிக் காகிதம் வந்த பிறகுதான் மாட்டுவேன் என்று கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி வைத்திருந்தாள்.

ஆபீசில் கேட்டதற்கு, யாராவது வந்து பார்த்துவிட்டு எழுதுவார்கள், அதுவரை தெரிந்தவர்கள் வந்தால் தங்கவையுங்கள் என்றார்கள். அந்த 'யாராவது' என்ற சொல்லைத்தான் ரைட்டர் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, விசயம் தெரியுமுங்களா?" என்று ஒருநாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே ஆரம்பித்தார். "இப்பெல்லாம் ஆபீசருங்க ஆபீசராட்டம் வர்றதில்லீங்க. டூரிஸ்ட்டாட்டம் வந்து தங்கி, தின்னு, தூங்கிப் பாத்துட்டுப் போயி எழுதிப் போட்டுர்றாங்க. ஏற்காட்டுக்கு வெளிநாட்டாளயே அனுப்பறாங்களாமா."

"வெளிநாட்டாளு எதுக்குங்க?"

"அவங்களுக்குத்தான் நம்மூர்ல சொந்தக்காரங்க இல்லியே. சிபாரிசு எடுபடாதில்லீங்க?"

அந்த நியாயத்தை அப்படியே மனைவியிடம் போய் ஒப்பித்தேன். அடுத்த வாரமே எங்களுக்குத் தெரிந்த ஒருவர் சேலத்திலிருந்து போன் பண்ணி, வெளிநாட்டு அம்மா ஒருத்தர் மூன்று நாள் தங்குகிறார், தனியாக வருகிறார் என்றார். ரைட்டர் புருவத்தைத் தூக்கினார்.

அந்த அம்மா வருவதற்குள் நான் செய்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சொல்ல எனக்கே கூச்சம். தீயணைக்க மணல் வாளி வேண்டும் என்று எங்கோ பார்த்த ஞாபகம். இரண்டு வாளிகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துச் சமையலறை வாசலில் மாட்டினேன். மணல்தான் கிடைக்கவில்லை. காப்பிக்கொட்டை உரித்த தொலி ஒரு மூட்டை கிடந்தது. வாளி நிறைய அதைக் கொட்டி, மேலே இரண்டு கை மணலைத் தூவிவிட்டேன். பார்க்க மணல் வாளிதான். ஒரு தீக்குச்சி விழுந்தால் அணையாமல் எரியக்கூடிய மணல்.

வந்த அன்று சாயங்காலமே சிக்கல் ஆரம்பித்துவிட்டது. சாமைச் சோறும் தட்டைப்பயற்றுக் குழம்பும் செய்து இலை போட்டாள் மனைவி. அந்த அம்மா இலையைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். எதிரே இருந்த பலகையைக் கையால் தட்டிக் காட்டி, "முதலில் நீங்கள் சாப்பிடுங்கள்" என்றார்.

"என்னங்க சொல்றாங்க?"

"உன்னை மொதல்ல சாப்பிடச் சொல்றாங்க."

"அதெப்புடிங்க? வந்தவங்க கை நனைக்காம ஊட்டுக்காரி உண்பாளா? சாப்புடுங்கக்கா, சாப்புடுங்க."

அந்த அம்மா சிரித்தார், கையைக் கட்டிக்கொண்டார். என் மனைவியும் சிரித்தாள், அவளும் கையைக் கட்டிக்கொண்டாள். சோறு நடுவில் ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் மலையில் விருந்தாளி சாப்பிட்டு, இலை எடுத்து, வீட்டு ஆம்பளை சாப்பிட்டு, அதற்குப் பிறகு மிச்சத்தில்தான் வீட்டுக்காரி கை வைப்பாள். இந்த வரிசையை மாற்று என்றால் கோயில் தேரை ரிவர்ஸில் ஓட்டு என்று சொல்வது மாதிரி. கடைசியில் நான் உட்கார்ந்தேன். நான் வீட்டுக்காரன் இல்லை, ஜீப் டிரைவர்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஒரு உருண்டையை விழுங்கினேன். அவர் பார்த்தார். எழுதினார். சாப்பிட்டார்.

சமையலறைக்குள் போனதும் மனைவி என் சட்டையைப் பிடித்தாள்.

"நானென்ன வெசமா வெச்சிருக்கறேன்? கேளுங்க அந்தம்மாவ. பதினாறு வருசத்துல ஒரு தொரைகூட என்னைய இப்புடிக் கேட்டதில்ல. போயிக் கேளுங்க!"

நான் வெளியே வந்து, "என் மனைவி உங்களை வரவேற்கிறாள்" என்றேன். அதற்கும் பென்சிலை உருவினார்.

மறுநாள் மத்தியானம் வரை ஊர் சுற்றினோம். அந்த அரை நாளில் என் சந்தேகம் காலையில் ரோஜாப் பதியன் மாதிரி இருந்து, மத்தியானத்துக்குள் பலாமரமாக வளர்ந்துவிட்டது.

முதலில் பகோடா பாயிண்ட். பள்ளத்தாக்கு முழுவதும் பனி. அதனால் காட்சி எதுவும் இல்லை. இல்லாத காட்சியைப் பார்த்துவிட்டு எல்லோரும் செய்கிற காரியத்தை நாங்களும் செய்தோம். பஜ்ஜிக் கடைக்குப் போனோம். கடைக்காரம்மா மிளகாய் பஜ்ஜியை வாணலியிலிருந்து எடுத்துப் பேப்பரில் வைத்து நீட்டினாள்.

"முதலில் நீங்கள்."

கடித்தேன். எனக்குக் காதிலிருந்து புகை வந்தது. "நல்லா இருக்குங்க."

அவர் ஒன்று கடித்தார். கண்ணில் நீர் முட்டிக் கன்னத்தில் வழிந்தது. ஆனால் வாய் சிரித்தது. இன்னொன்று கேட்டார். அதற்கப்புறம் இன்னொன்று. நாலாவது பஜ்ஜிக்குக் கடைக்காரம்மாவே பயந்துபோய், "ஏனுங்கண்ணா, இந்தம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிரப் போவுதுங்க" என்றாள். அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே பஜ்ஜி தின்கிற மனுஷியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எதையும் தாங்குவதற்கு ஆபீசில் பயிற்சி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போனோம். அங்கே கற்பூரமும் விளக்கெண்ணெயும் வௌவாலும் சேர்ந்து ஒரு வாசம் இருக்கும். பக்தி இல்லாதவனுக்கு மயக்கம் வரும், இருப்பவனுக்கு அருள் வரும். அவருக்கு இரண்டும் வரவில்லை. பூசாரி தீர்த்தம் கொடுத்ததும் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சாமி தீர்த்தத்தையுமா நான் முதலில் குடித்துக் காட்டவேண்டும்? குடித்தேன். "எப்படி இருக்கிறது?" என்றார். சாமி முன்னால் என்ன சொல்வது? "நல்லா இருக்குங்க" என்றேன். குகைக்குள்ளேயே முடி சரிந்தது. பூசாரி அருள் வந்துவிட்டது என்று நினைத்து ஒரு கைப்பிடி விபூதியை அவர் நெற்றியில் அப்பிவிட்டார்.

மஞ்சக்குட்டை ரோட்டில் ஒருத்தர் பலாப்பழம் அறுத்து விற்றுக்கொண்டிருந்தார். அந்த வாசத்துக்கு ஜீப்பில் வருகிற வெளிநாட்டுக்காரர்கள் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். இவர் இறங்கிப் போய்ப் பழத்துக்குள் மூக்கை நுழைத்தார், ஏதோ கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி. வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு நிமிர்ந்து என்னிடம் ஒரு சுளையை நீட்டினார். நான் தின்றேன். பார்த்தார். அப்போது அவர் முகத்தில் ஒரு சலிப்பு வந்ததை நான் கவனித்தேன். அறிக்கையில் நமக்கு மார்க் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே ஜீப்பை எடுத்தேன். கிளட்ச்சை மிதிக்கவேண்டிய கால் பிரேக்கை மிதித்து, ஜீப் நடுரோட்டில் நின்றுபோய், பின்னால் வந்த பஸ்காரன் என் பரம்பரையை விசாரித்தான்.

காலையிலேயே மனைவி இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டத் திட்டம் போட்டிருந்தாள். கிளம்பும்போது ஜீப்பருகே வந்து குசுகுசுவென்று சொன்னாள்:

"மத்தியானம் கருவாடு வறுத்து, குழம்பும் வெக்கறேன். மூக்கப் புடிச்சிட்டு ஓடுனாங்கன்னா டூரிஸ்ட்டு. குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தாங்கன்னா ஆபீசரு. இன்னிக்குத் தெரிஞ்சு போயிரும்."

"ஆபீசர்னு தெரிஞ்சா என்ன பண்றது?"

"அத நீங்க யோசிங்க. எல்லாத்தையும் நானேவா யோசிக்கறது?"

நாங்கள் மத்தியானம் திரும்பி வரும்போது கருவாட்டு வாசம் வளைவிலேயே ஜீப்பை நிறுத்தப் பார்த்தது. ரைட்டர் தன் வீட்டுத் திண்டில் நின்றுகொண்டு மூக்கைத் துண்டால் பொத்தியிருந்தார். வாசலில் நாலு பூனைகள் வரிசையில் உட்கார்ந்திருந்தன. அந்த அம்மா நிலைப்படியில் இடித்து, அதனிடம் மன்னிப்புக் கேட்டு, நேராகச் சமையலறைக்குப் போனார். வாணலிக்கு மேல் முகத்தை நீட்டினார். நானும் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் பாதி பயத்திலும் பாதி நாற்றத்திலும். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து எண்ணினேன். அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நிமிர்ந்து, என் மனைவியைப் பார்த்துச் சிரித்து, அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அனுமதிக் காகிதம், இரண்டு அறைகள், கட்டிலுக்கு அடியில் இருக்கும் போர்டு எல்லாம் இருந்தன. காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தவள், இலை அறுக்கப் போவதாகச் சைகை காட்டிவிட்டு வெளியே போனாள். நானும் அரிவாளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"ஆபீசரேதாங்க," என்றாள் வாழைக்கு நடுவில் நின்று. "எல்லாம் போச்சு. மொத நாளே நான் மூஞ்சியக் காட்டிட்டனே."

"அப்படியெல்லாம் இருக்காது அம்மிணி."

"கருவாட்டுக்கு அசையாத மனுசி ஒலகத்துல உண்டுங்களா? நீங்களே சொல்லுங்க."

நான் இலையை அறுக்காமல் மரத்தையே அறுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மனைவிக்குப் பால் ஞாபகம் வந்தது. "பாலு பொங்கிருக்கும், ஓடுங்க!" என்றாள்.

ஓடினேன். சமையலறைக் கதவைத் திறந்ததும் கருவாட்டையும் தாண்டி ஒரு நெடி மூஞ்சியில் அறைந்தது. கேஸ். பனிக்காக ஜன்னல்களை எல்லாம் அடைத்திருந்தோம். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. அடுப்பு உஸ்ஸென்று கேஸைக் கக்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், எங்களுக்கு உதவி செய்கிற சந்தோஷத்தில், கையில் லைட்டரோடு அந்த அம்மா குனிந்துகொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒரு வீரனாக என்னை வர்ணிக்கச் சந்தர்ப்பம் இருக்கிறது. நடந்ததையே சொல்லிவிடுகிறேன். "ஐயோ அம்மா" என்று கத்தினேன், பெற்ற தாயைக் கூப்பிட்டேனா அவரையா என்று தெரியாது. பாய்ந்து லைட்டரைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தேன். ஜன்னல் மூடியிருந்தது என்பது கண்ணாடி உடைந்த பிறகுதான் தெரிந்தது. அடுப்பின் குமிழைத் திருப்பினால் போதும். அந்த யோசனை எனக்கு வரவில்லை. வாசலில் தொங்கிய சிவப்பு வாளியை எடுத்து அடுப்பின்மேல் கவிழ்த்தேன். ஒரு வாளி காப்பித் தொலி, இரண்டு கை மணல். இன்னொரு வாளியையும் எடுக்கத் திரும்பியபோது என் மனைவி உள்ளே வந்தாள். இடது கையால் என்னை ஒதுக்கினாள். தொலிக்குள் வலது கையை விட்டுக் குமிழைத் திருகி மூடினாள். சிலிண்டரையும் மூடினாள். அந்த அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். மொத்தம் நாலு நொடி.

வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பயந்தவனுக்குத்தான் அப்படிக் கோபம் வரும். "அரை மைல் தூரத்துக்கு அடிக்கிறதே, உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று கத்தினேன்.

அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. பிறகு சொன்னார்: "தெரியவில்லை. எனக்கு எந்த வாசனையும் தெரியாது."

உலகமே வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்ததாம். காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். உப்பு தெரியும், இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும். காரம் எரியும். மற்றதெல்லாம் காகித அட்டையை மெல்லுகிற மாதிரி. டாக்டர்கள் வரும் என்றார்கள், பிறகு வரலாம் என்றார்கள், பிறகு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

"அப்படியென்றால் ஊர் ஊராகப் போய் எதற்குச் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"என் வீட்டில் ரொட்டியைக் கடித்தால் அது எப்படி இருக்கவேண்டும் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது வராதபோது அழுகை வருகிறது. உங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி எனக்கு ஞாபகம் எதுவும் கிடையாது. அதனால் இழப்பும் இல்லை. சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்ப்பேன். அதைப் பார்த்துக் கொஞ்சம் ஊகித்துக்கொள்வேன்."

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் பாவம் என்று பார்க்கிறார்கள். அந்த முகத்தில் சாப்பாடு தெரிவதில்லை."

நோட்டை என்னிடம் கொடுத்தார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். சாமைச் சோறு: நல்லா இருக்கு. முகம்: பயம். மிளகாய் பஜ்ஜி: நல்லா இருக்கு. முகம்: பயம். கோயில் தண்ணீர்: நல்லா இருக்கு. முகம்: மிகுந்த பயம். பலாப்பழத்துக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டு, 'இந்த மனிதர் எதைச் சாப்பிட்டாலும் யாரோ துரத்துகிற மாதிரி இருக்கிறார்' என்று எழுதியிருந்தது. இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து, எங்கள் மலைச் சாப்பாடு முழுவதையும் அவர் என் மூஞ்சி வழியாகத்தான் தின்றிருக்கிறார். பஜ்ஜி ஒன்றுதான் அவரே தின்றது. மறுநாள் காலையில் அவர் கிளம்பவேண்டும்.

நீங்கள் ஆபீசர் இல்லையா என்று ஒரு சந்தேகத்துக்குக் கேட்டுவைத்தேன். பியானோ வாத்தியாராக இருந்தவராம். (உண்மையான ஆபீசர் இரண்டு மாதம் கழித்து, முதல் நாளே போன் பண்ணி, போர்டு வைத்த ஜீப்பில் வந்தார். இரண்டு காப்பி குடித்தார், கையெழுத்துப் போட்டார். உடைந்த ஜன்னலைப் பார்த்து, காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்றார்.)

மனைவிக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் அந்த அம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஒன்றும் பேசாமல் எழுந்தாள். வெளி அடுப்பில் விறகை வைத்துப் பற்றவைத்தாள். குழம்பைச் சூடு பண்ணினாள். தண்ணீர் கொதித்ததும் ராகி மாவைக் கொட்டிக் களி கிண்டினாள். நான் போய், "தட்டில் போட்டுக் கொடு, நான் சாப்பிட்டுக் காட்டுகிறேன், இந்தத் தடவை பயப்படாமல் சாப்பிடுகிறேன்" என்றேன்.

"நீங்க சித்த நகருங்க," என்றாள். "உங்க மூஞ்சிய நம்பித்தான் இவ்வளவு கெட்டுச்சு."

இரண்டு தட்டு போட்டாள். ஒன்றை அந்த அம்மா முன்னால் வைத்தாள். இன்னொன்றைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் ஒரு விருந்தாளிக்கு எதிரே அவள் தட்டோடு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கும் கை வரவில்லை. களியைத் தொட்டாள், எடுத்தாள், வேலிக்கு அந்தப் பக்கம் ரைட்டர் நிற்கிறாரா என்று ஒருமுறை பார்த்தாள். நின்றார். பார்க்கட்டும் என்பது மாதிரி உருண்டையைக் கிள்ளிக் குழம்பில் முக்கி வாயில் போட்டு விழுங்கினாள்.

அந்த அம்மா மோவாயில் கை வைத்துப் பார்த்தார்.

"சொல்றனுங்க," என்றாள் மனைவி என்னைப் பார்த்து. "நான் சொல்றத அப்புடியே சொல்லோணும். மொதல்ல மிருதுவா எறங்குதுங்க. பல்லுக்கு வேலையில்ல. தொண்டையத் தாண்டுனதும் நெஞ்சுல ஒரு சூடு போவுது பாருங்க, உள்ளுக்குள்ள யாரோ அடுப்பு மூட்டுனாப்புல. அதுக்கப்புறந்தான் கருவாடு தெரியுது. உப்புங்க. அப்புறம் பூண்டு..."

நிறுத்திவிட்டாள். இன்னொரு உருண்டை எடுத்து விழுங்கினாள். முகம் என்னவோ ஆகிவிட்டது.

"ஏனுங்க," என்றாள். "சூடா இருந்தா இது இப்புடியா இருக்கும்?"

"நீ செஞ்சதுதானே அம்மிணி?"

"செஞ்சது நாந்தான். சூடா எப்பங்க தின்னேன்?"

இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று நான் முழித்துக்கொண்டு நின்றேன். அதற்குத் தேவையே இல்லாமல் போயிற்று. அந்த அம்மா என்னைக் கேட்கவே இல்லை. என் மனைவியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அவள் கிள்ளின மாதிரியே கிள்ளி, முக்கி, விழுங்கினார். இவள் ஒரு வாய், அவர் ஒரு வாய். இவள் கண்ணை மூடினால் அவரும் மூடினார். பென்சில் கொண்டையிலேயே இருந்தது. இவள் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். பூண்டு கடைசியில் வருகிறது என்றாள், புளி கொஞ்சம் தூக்கல் என்றாள், கத்தரிக்காய் கரைந்துவிட்டது என்றாள். அவர் தன் பாஷையில் உம் கொட்டினார். இன்னும் இரண்டு உருண்டை இருவருக்கும் போனது. நான் கரண்டியோடு நின்றேன். எனக்குப் போடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் கை கழுவி, முற்றத்துக்குப் போய் வெயிலில் உட்கார்ந்த பிறகுதான் நான் சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டினால் ஒரு உருண்டை தேறியது. ஆறிப்போய், மேலே தோல் கட்டி, கல் மாதிரி ஆகியிருந்தது. குழம்பில் எண்ணெய் ஏடாகப் படிந்திருந்தது. கருவாட்டில் வால் மட்டும் மிச்சம். தொண்டையில் இறங்கமாட்டேன் என்று நின்ற களியைத் தண்ணீர் குடித்து இறக்கினேன். முற்றத்தில் என் மனைவி இரண்டு கைகளையும் விரித்து எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். நான் இரண்டாவது வாய்க்குத் தண்ணீர் எடுக்க எழுந்தேன்.